பலகை சுடக் கூடாது: ஹவாய் இசை நடன விழாவுக்கு நன்கொடை கேட்டு ஒரு வேண்டுகோள்

அலோஹா, வணக்கம்.

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதைத் தமிழிலேயே எழுதுகிறோம். வருடா வருடம் ஆகஸ்டில் நம் பூங்காவில் நடக்கும் ஹவாய் இசை நடன விழாவுக்கு நீங்கள் வருவது குழுவில் எல்லோருக்கும் தெரியும். தயிர்சாத டப்பாவும் போர்வையுமாகப் புல்தரையில் இடம் பிடித்திருப்பவர்கள் வேறு யார்? ஹவாய்க்காரர்களும் நம்மைப் போலத்தான், சொந்தமோ இல்லையோ, வயதில் மூத்தவர்கள் எல்லோரும் ஆன்ட்டி, அங்கிள். அந்த ஆன்ட்டிகளில் இரண்டு பேருக்கு இப்போது மாவடு இல்லாமல் விழா களைகட்டுவதில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இந்த வருடம் கையில் இருக்கும் பணம் போதவில்லை.

போன வருடம் செலவைக் குறைக்கிறோம் என்று கூரை இல்லாத மேடையை வாடகைக்கு எடுத்தோம், அது எங்கள் தப்புதான். ஹவாய் நடனமான ஹூலாவைச் செருப்போடு ஆட மாட்டார்கள், வெறுங்கால்தான். மதியம் ஒரு மணிக்கெல்லாம் பலகை தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வரிசையாக ஏறி நின்று, முகத்தில் சிரிப்பு மாறாமல், பாட்டுக்கு வேண்டியதைவிட ரொம்ப வேகமாகக் காலை மாற்றி மாற்றி வைத்ததைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பாதியில் நிறுத்தி, யாரோ காரிலிருந்து கொண்டுவந்த படுக்கை விரிப்புகளை நனைத்துப் போட்டு, அப்புறம் ஆடவைத்தோம். அந்த ஈர விரிப்பில் ஒரு பெண் வழுக்கி விழுந்து எழுந்து ஆட, கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம். ஆனாலும் அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அதே நாளில் ஒலிபெருக்கியும் போனது. மேடையில் பழைய பாணி ஹூலா, அதாவது ஹூலா கஹிகோ, நடந்துகொண்டிருந்தது. அதற்கு கிட்டார் எல்லாம் கிடையாது. இரண்டு சுரைக்குடுவைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த இப்பு ஹெக்கேதான் தாளம். ஹூலா குருவை அவர்கள் குமு என்பார்கள். அந்த அம்மா முழங்காலிட்டு உட்கார்ந்து, இப்புவைத் தரைவிரிப்பில் தொம்மென்று இறக்கி, மறுகையால் அதன் வயிற்றில் தட்டிக்கொண்டே பாடுவார். மைக் செத்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. சத்தம் குறைந்ததும் கூட்டம் தானாக அடங்கியது, ஐஸ் வண்டிக்கு முன் வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் வேலி வரை கேட்டது. (பாட்டுக்கு அவர்கள் மொழியில் ‘மேலே’ என்று பெயர். அன்றைக்கு அது நிஜமாகவே மேலேதான் போனது.)

‘அப்படியென்றால் ஒலிபெருக்கி எதற்கு?’ என்று கணக்குப் பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார். ஐயா, எல்லோரும் அந்த அம்மா இல்லை. போன மாதம்தான் உகுலேலே என்ற குட்டித் தந்தி வாத்தியத்தைக் கையில் எடுத்த முப்பது பிள்ளைகள் சேர்ந்து வாசிப்பது நாலாவது வரிசையைத் தாண்டாது.

இன்னொரு கேள்வியும் வருகிறது: ஹவாய் விழாவை கலிஃபோர்னியாவில் ஏன் நடத்துகிறீர்கள்? நியாயமான கேள்வி. 2020 கணக்கெடுப்பின்படி பூர்வீக ஹவாய் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தீவுகளுக்கு வெளியே, அமெரிக்கப் பெருநிலத்தில்தான் இருக்கிறார்கள். தீவுகளில் வீட்டு விலை அப்படி. ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் இது நேற்று வந்த உறவும் இல்லை. கிறிஸ்தவத்துக்கு மாறிய அரசி காஅஹுமானு 1830இல் பொது இடத்தில் ஹூலா ஆடக் கூடாது என்று தடை போட்டார். பிறகு அந்த ஆட்டத்தை 1883இல் தன் முடிசூட்டு விழாவிலேயே மக்கள் முன் ஏற்றியவர் கலாகௌவா மன்னர். அவர் 1891 ஜனவரியில் கண்மூடியது இதோ, சான் பிரான்சிஸ்கோவில், பேலஸ் ஹோட்டலில். 1915இல் அதே நகரத்தில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஹவாய் அரங்கில் வாசித்த உகுலேலேதான் அமெரிக்கா முழுவதையும் பைத்தியமாக்கியது. அந்த வாத்தியமே 1879இல் போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்து ஹோனலூலுவில் இறங்கியவர்கள் கொண்டுவந்த குட்டி கிட்டாரின் பிள்ளை. கரும்புத் தோட்டம், கப்பல் என்றால் நம்மிடமும் கதை இருக்கிறது, அதை விழா அன்று புல்தரையில் பேசிக்கொள்வோம்.

டிக்கெட் போடலாமே என்பவர்களுக்கு: போடலாம்தான், ஆனால் எங்களுக்கு மனசு வரவில்லை. சறுக்கு மரத்தில் விளையாட வந்துவிட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பையன்தான் இன்றைக்கு உகுலேலே குழுவில் முதல் வரிசை. வாசலில் காசு கேட்டிருந்தால் அவன் அப்படியே சறுக்கிக்கொண்டு இருந்திருப்பான்.

சரி, கணக்கு. மொத்தச் செலவு சுமார் 14,000 டாலர். கடை வாடகையிலும் குலுக்கல் சீட்டிலும் 9,000 தேறும். மீதி 5,000க்குத்தான் உங்களிடம் வருகிறோம். அதில் பெரும்பகுதி நிழல் கூரையோடு நல்ல மரத்தரை மேடைக்கு. அடுத்தது ஒலிபெருக்கி, இந்த முறை வேறு ஆளிடம். ஹவாயின் ஹிலோ நகரிலிருந்து குமு ஒருவரை வரவழைக்க விமானச் செலவு இருக்கிறது. பூங்கா அனுமதி, காப்பீடு, கழிப்பறை வாடகை எல்லாம் யாருக்கும் உற்சாகம் தராத செலவுகள், ஆனால் அவை இல்லாமல் கதவு திறக்காது.

25 டாலரும் சந்தோஷம், 250ம் சந்தோஷம். சனிக்கிழமைகளில் ஹூலா வகுப்பு நடக்கும் கூடத்தின் வாசலில் உறை வாங்கும் பெட்டி இருக்கிறது, பொருளாளரிடம் நேரிலும் கொடுக்கலாம், ரசீது கையோடு தருவோம். நன்கொடையாளர் பெயரைப் பலகையில் போடுவோம். வேண்டாம் என்றால் உறையின் மேல் ‘பெயர் வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள்.

பணம் தோதுப்படாதவர்கள் கை கொடுங்கள். முந்தின நாள் சாயங்காலம் லெய் கட்ட ஆள் வேண்டும். லெய் என்றால் மாலைதான், ஊசியில் கோப்பதும் உண்டு, நாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதும் உண்டு. இரண்டாவது வகை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம், போன வருடம் மதுரைப் பக்கத்துப் பாட்டி ஒருவர் பேச்சு நிற்காமலே இருபது மாலை கட்டி ஹவாய் ஆன்ட்டிகளை வாயடைக்க வைத்தார். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கர்ப்பிணிகளுக்கு வட்டமாக முடிந்த லெய் போட மாட்டார்கள், குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் முனை முடியாத லெய்யும் ஐந்தாறு கட்டி வைக்க வேண்டும். யாராவது உங்களுக்கு லெய் போட்டால் அங்கேயே கழற்றி வைத்துவிடாதீர்கள், அது மரியாதை இல்லை.

ஜூலை கடைசிக்குள் பணம் வந்தால் மேடைக்கு முன்பணம் கட்டிவிடலாம். தாமதமானால் மறுபடியும் அந்தக் கூரையில்லாத மேடைதான், ஈரம் பண்ண விரிப்பை நீங்கள்தான் கொண்டுவர வேண்டியிருக்கும்.

மஹாலோ, நன்றி.
விழாக் குழு