சதுரம் நீ இல்லை, நான்தான்

டேய் மச்சான்,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். மழை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, பெரியவனுக்கு ஓ.எல். பரீட்சை, நம்முடைய கண்ணாடிக்காரன் ஒருவழியாகக் கலியாணம் முடித்துவிட்டான் (சாப்பாடு மோசம், நேரில் சொல்கிறேன்). எட்டு மாதமாகப் பதில் இல்லை என்று நீ அந்த மலைநாட்டுக் குளிரில் இருந்துகொண்டு என்னைத் திட்டுவது தெரியும். உண்மையைச் சொன்னால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஒன்று நடந்துவிட்டது, அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போன கிழமை 100 கோழிக்குஞ்சு இறக்கினேன். மார்கழி மழையில் குஞ்சு இறக்குகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்காதே, மனைவி கேட்டுவிட்டாள். அன்றைக்குப் பின்னேரம் அக்காவின் மகளும் அவளுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். அவள் இப்போது வந்தாறுமூலையில், நம் விவசாய பீடத்தில்தான். நாம் பாதைப் படகுக்காகக் காத்துக்கிடந்து வெயிலில் வெந்த மண்முனையில் 2014இல் பாலம் வந்ததோடு இந்தப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் ஒரு மூச்சில் கொக்கட்டிச்சோலைக்கு வந்துவிடுகிறார்கள். வாயைத் திறந்தால் கணக்குத்தான், முட்டை பொரிக்க எத்தனை நாள், குட்டி போட எத்தனை நாள் என்று. கோழி 21 நாள், வாத்து 28, பன்றி 114 நாள், அதாவது மூன்று மாதம் மூன்று கிழமை மூன்று நாள், எருமை 310. பக்கத்து மாட்டுப்பட்டிக்காரக் கிழவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்கென்ன, பத்து மாசத்துக்குக் கொஞ்சம் மேல" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

நானும் சும்மா இருப்பேனா? பெரிய பேராசிரியர் மாதிரி நின்று ஒரு மணி நேரம் விளாசினேன். குஞ்சுக்கு முதல் பத்து, பதினாலு நாளுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, அந்தப் பஞ்சு மயிர் குளிரைத் தாங்காது, அதனால் முதல் கிழமை 35 பாகை வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரவேண்டும். லைட்டுக்குக் கீழே குவிந்தால் குளிர், விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, ஒரே பக்கமாக ஒதுங்கினால் காற்று அடிக்கிறது. பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள், நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இரவு இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு எழும்பினேன். குஞ்சு சும்மா கீச்சிடுகிற சத்தம் வேறு, இது வேறு, உனக்குத் தெரியும். வாடைக்காற்றில் சாக்கு ஒரு பக்கம் கழன்று, காற்று நேரே பல்புக்குக் கீழால் போய்க்கொண்டிருக்கிறது. பல்ப் எரிகிறது, ஆனால் அதற்குக் கீழே ஒரு குஞ்சு இல்லை. எல்லாம் எதிர் மூலையில். ஆம் மச்சான், மூலை. கையால் அள்ளி அள்ளி எடுத்தேன். மேலே இருந்தவை சிலும்பிக்கொண்டு ஓடின. நடுவில் இருந்தவை நனைந்த மாதிரி ஒட்டிப்போயிருந்தன. அடியில் இருந்தவை தட்டையாக, உமியில் பதிந்து கிடந்தன. 37.

இப்போது சிரி. வாய்மொழிப் பரீட்சையில், அந்த வைவாவில், குஞ்சுக்கூட்டை என்ன வடிவத்தில் கட்டவேண்டும் என்று சேர் உன்னிடம் கேட்டார். மூலையில் குவிந்து நசியாமலிருக்க வட்டம் என்று சொல்லவேண்டிய இடத்தில் நீ என்ன சொன்னாய்? "சதுரம் சேர், பலகை வெட்ட லேசு." அன்றைக்கு விடுதியில் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் முதல் ஆள் நான், உனக்குச் "சதுரம்" என்று பெயர் வைத்ததும் நான்தான். இத்தனை வருடம் கழித்து வீட்டில் இரண்டு ஒட்டுப்பலகை மிச்சம் கிடந்தது, வளைக்கிற தகரம் வாங்க செங்கலடிக்குப் போகப் பஞ்சி, நான் கட்டியது என்ன வடிவம் என்று நினைக்கிறாய்? காரணமும் அதே காரணம்தான்.

விடிய மருமகள் தனியாக வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இறங்கி, பல்ப் கயிற்றில் நான் கட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தாள், 35 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்து அந்த மூலையில், குஞ்சின் முதுகு உயரத்தில் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் 26. "மாமா, குஞ்சு கயிற்றிலயா இருக்குது?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல, அதைவிடப் பெரிய வெட்கம்.

அப்புறம் ஒரு குஞ்சைத் தூக்கி அதன் காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். என் கன்னத்திலும் வைத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது, மச்சான், இரண்டு சின்னக் கால். தீன்பையைத் தடவிப் பார்த்தால் பலதுக்கு வெறுமை. குளிரில் குவிந்து நிற்கிறது தீனுக்குப் போகாது, தண்ணீருக்கும் போகாது, வயிற்றுக்குள் இருக்கிற மஞ்சள் கருவை வைத்து இரண்டு மூன்று நாள் தள்ளும், பிறகு நாலாம் ஐந்தாம் நாளில் விழத் தொடங்கும். குளிர் நேற்று, சாவு பிறகு. நாம் அதைத் தீன் பிழை, குஞ்சு பிழை என்று சொல்லிவிடுவோம். எனக்கும் இன்னும் இரண்டு போனது, இப்போது 61.

உண்மையில் 37 குஞ்சின் காசு போனது ஒன்றுமில்லை. மழையில் நின்று குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கும்போது மனைவி குடை பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். அந்தக் கேள்விக்கு நான் 20க்கு 18 எடுத்தவன்டா. அன்று பின்னேரம் வரை வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் சதுரம் நிற்கிறது, கண்ணில் படவில்லை. அந்த நாலு பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், ஒன்றாவது கேட்கவில்லை. மருமகளிடம் சொன்னேன், நேற்றே கேட்டிருக்கலாமே என்று. "நீங்க சொல்லிக்கொண்டு நின்றீங்க மாமா, எப்படிக் கேட்கிறது" என்றாள்.

சரி. தகரம் வாங்கிவிட்டேன், வட்டம் கட்டியாகிவிட்டது, சாக்கை ஆணி அடித்து இறுக்கியாகிவிட்டது. இப்போது இரவில் போய்ப் பார்த்தால் வட்டம் முழுக்கப் பரவிப் படுத்துக்கிடக்குதுகள், அதைப் பார்க்கவே இரண்டு தரம் எழும்புகிறேன். தை முடிய அடுத்த 100 இறக்குவேன். அந்த நேரம் லீவு எடுத்து வா, எருமைத் தயிர் சட்டியோடு வைத்திருப்பேன். மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் மாட்டுப்பட்டி கொண்டுபோகிறவர்களின் பாடு பெரிய கதை, அதையும் நேரில் பேசுவோம்.

குரூப்பில் மட்டும் போட்டுவிடாதே. கண்ணாடிக்காரனுக்குத் தெரிந்தால் என் பேரன் காலம் வரைக்கும் இந்தப் பெயர் நிற்கும்.

உன்,
கட்டையன்