'பாஜ்' அல்ல, 'பா'

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாவோஸ் முதலிய தென்கிழக்காசிய நாடுகளின் மலைகளில் வாழும் ஹ்மோங் மக்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், அவர்கள் பெண்குழந்தைகளுக்கு விரும்பி வைக்கும் பெயரொன்று (ரோமன் எழுத்தில் Paj) 'பாஜ்' என அச்சாகியிருந்தது. அதற்குப் பூ என்று பொருள் கூறியிருப்பது சரியே. ஆனால் எந்த ஹ்மோங் தாயும் தன் மகளை அப்படி அழைப்பதில்லை.

1950களின் தொடக்கத்தில் லாவோஸில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் வகுத்த ரோமன் எழுத்துமுறையில், சொல்லின் இறுதியில் நிற்கும் மெய்யெழுத்து ஒலிப்பதற்கு உரியதன்று. குரல் எந்தச் சுரத்தில் செல்ல வேண்டும் என்பதைக் காட்டும் குறி மட்டுமே. 'ஜே' வந்தால் குரலை உயரத்தில் எடுத்து இறக்க வேண்டும். அப்போதுதான் 'பா' பூவாகிறது. அதே அசையின் இறுதியில் 'பி' (b) வந்தால் உதவி, 'எம்' வந்தால் போர்வை. சுரத்தைக் காட்டத் தமிழ் எழுத்தில் வழியில்லை என்பது உண்மைதான். அதற்காக இல்லாத ஒலியொன்றைச் சேர்த்துவிட வேண்டியதில்லை. (அம்மக்களின் இனப்பெயரும் அந்த எழுத்துமுறையில் 'பி'யில்தான் முடிகிறது; கட்டுரையாளர் ஏனோ அங்கே தப்பித்துவிட்டார்!)

இப்பெயர் பெரும்பாலும் இன்னொரு சொல்லோடு இணைந்தே வரும்: 'பா ஹுவா' என்றால் மேகப்பூ, 'பா ஞியா' என்றால் வெள்ளிப்பூ, 'பா கூ' என்றால் பொற்பூ. ஹ்மோங் பெண்களின் புகழ்பெற்ற பூத்தையலுக்கும் 'பா ந்தௌ', அதாவது பூத்துணி, என்றே பெயர். 1975க்குப் பின் தாய்லாந்தின் அகதி முகாம்களில், லாவோஸில் நடந்த போரையும் மேக்கோங் ஆற்றைக் கடந்து வந்ததையும் பெண்கள் தைத்துவைத்தது இந்தத் துணியில்தான். இவற்றைச் சொல்லாமல் 'பூ' என்று மட்டும் பொருள் எழுதிவிட்டுப் போனது எனக்குப் போதவில்லை.

பெயர் பிறந்தவுடன் சூட்டப்படுவதாகவும் கட்டுரை கூறுகிறது. மரபுப்படி, மூன்றாம் நாளில் வீட்டு வாசலில் கோழியும் முட்டையும் ஊதுவத்தியும் வைத்துக் குழந்தையின் உயிரை உள்ளே அழைக்கும் சடங்கின்போதுதான் பெயர் சூட்டுவார்கள். பிற்பாடு குழந்தை ஓயாமல் நோய்ப்பட்டால், அந்த உயிருக்குப் பெயர் பிடிக்கவில்லை என்று கருதி மாற்றுவதும் உண்டு.

திருமணத்துக்குப் பின் பெண் கணவனின் குலப்பெயரை ஏற்பாள் என்பதும் மரபுக்கு ஒவ்வாத செய்தி. ஒரே குலத்துக்குள் மணம் கொள்ளாத அச்சமூகத்தில், அவள் தன் தந்தையின் குலப்பெயரையே தொடர்ந்து தாங்குகிறாள். மாறுவது அவளை ஊரார் அழைக்கும் விதம். கணவனுக்கு, பிள்ளை பிறந்தபின், மனைவியின் பெற்றோர் மூத்தவர் என்ற தகுதியைக் காட்டும் பெயரொன்றைச் சேர்த்துச் சூட்டி மதிப்பை உயர்த்துகிறார்கள். அவளையோ இன்னாருடைய மனைவி என்று கணவனின் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள். மூன்றாம் நாளில் அழைத்துச் சூட்டிய பூவின் பெயர் பேச்சில் மெல்ல மறைந்துபோகிறது.

பேச்சில் அருகிவரும் அந்தப் பெயரை அச்சிலாவது 'பா' என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.