கோத்தகிரிக்குப் போகும் கோமதிக்கு

அல்சூர், பெங்களூர்

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்த படமும் வந்து சேர்ந்தன. படத்தில் இருப்பது ரெட் ஹாட் போக்கர் என்ற பூச்செடி. டார்ச் லில்லி என்றும் சொல்வார்கள். கோத்தகிரியில் மகள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீட்டு வேலியோரம் நிற்கிறது, ஒரு தூர் கேட்டு வாங்கிப் பாளையங்கோட்டை மொட்டை மாடியில் வைத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டி. சித்திரை, வைகாசியில் உங்கள் ஊரில் ராத்திரிகூடச் சூடு இறங்காது. மாடித் தொட்டியைத் தொட்டால் நமக்கே கை சுடுகிறது, வேர் என்ன பாடுபடும்? ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள மலைப் புல்வெளிகள்தான் இதற்குச் சொந்த ஊர். பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் எனக்கு ஏதோ ஒப்பேறுகிறது. அப்படியும் ஊட்டியில் பார்ப்பதுபோல் கொத்தாகப் பூப்பதில்லை. தை, மாசியில் இரண்டோ மூன்றோ தண்டு, அவ்வளவுதான்.

உன் வீட்டுச் சோற்றுக்கற்றாழை மஞ்சளாகப் பூத்தண்டு விடுமே, அது இதற்கு ஒரே குடும்பத்து உறவு. செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்தச் செடியைக் கற்றாழைக் கணக்கிலேயே எழுதிவைத்தார். மாடிக்கு அந்தக் கற்றாழை போதும். போக்கரைக் கோத்தகிரியிலேயே வை. பேறுகாலம், பிள்ளை வளர்ப்பு என்று எப்படியும் ஒரு வருஷம் நீ அங்கேதானே இருக்கப்போகிறாய்.

ஆனால் தோட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதே. என்னிடம் இருப்பவை எல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் எழுதியவை. வசந்தத்தில் தூர் பிரி, குளிர்காலத்தில் இலைகளை மேலே சேர்த்துக் கட்டிவிடு என்பார்கள். மாசக் கணக்கை அப்படியே எடுத்தால் நமக்குச் சரிப்படாது. எதற்காக இலையைக் கட்டுகிறார்கள் என்று பார். பனிக்கு ஒரு போர்வை, சரி. அதைவிட, செடி தூங்குகிற காலத்தில் குருத்துக்குள் தண்ணீர் இறங்கி அழுகிவிடக் கூடாதே என்ற பயம். வளர்கிற காலத்தில் இது தாராளமாகத் தண்ணீர் குடிக்கும். சில வகைகள் காட்டில் ஓடைக்கரையிலேயே நிற்பவை. வளர்ச்சி ஓய்ந்து குளிர்ந்து கிடக்கும்போது அடியில் ஈரம் தேங்கினால்தான் அதோடு சரி. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழைதான் பெரிய மழை. அது முடிந்த கையோடு மார்கழிக் குளிர் வந்து உட்கார்ந்துவிடும். உன் செடிக்குக் கண்டம் அந்த இடத்தில்தான். இங்கே எனக்கு செப்டம்பர், அக்டோபர். அப்போது மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன், மற்ற மாசங்களில் அதன் பக்கமே போவதில்லை.

அதனால் பூ முடிந்து, வெயில் ஏறுகிற மாசிக் கடைசியில் தூர் பிரித்து வை. கோடை மழையிலும் அடுத்து வரும் தென்மேற்குச் சாரலிலும் வேர் பிடித்து, ஐப்பசிக்குள் நிலைத்துவிடும். கேட்கும்போது ஓரத்துக் கன்றாகக் கேள். வேர் கயிறு மாதிரி தடியாக இருக்கும், பிடித்து இழுத்தால் பட்டென்று முறியும். கடப்பாரையால் நெம்பிச் சுற்று மண்ணோடு எடுக்கச் சொல். இலையில் பாதியை நறுக்கிவிடு. முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், குருத்துக்குள் மண் விழக் கூடாது. செடிக்குச் செடி இரண்டடி. நாள் முழுக்க வெயில் படுகிற இடம். முதல் வருஷம் பூக்காமல் இருந்தால் இடம் சரியில்லை என்று பிடுங்கி நகர்த்தாதே. இடம் மாற்றினால் இது முறுக்கிக்கொள்ளும். உரமும் அள்ளிப் போடாதே, இலையாகத்தான் போகும். விதை போட்டும் வளர்க்கலாம். குளிரூட்டிப் போட வேண்டும், பூவுக்கு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும், வருவதும் தாய்ச்செடி மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. நம் வயசுக்குக் கன்றே நல்லது.

தண்டு வந்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார், கோமதி. நெருக்கி அடுக்கிய சின்னச் சின்னக் குழல்கள், வாய் எல்லாம் கீழ்நோக்கி. மொட்டில் செங்கல் சிவப்பு. அடிவரிசை முதலில் திறக்கும், திறக்கத் திறக்க ஆரஞ்சாகி மஞ்சளாகும். அதனால்தான் ஒரே தண்டில் கீழே மஞ்சளும் மேலே சிவப்பும். தேன்சிட்டு தண்டைப் பற்றிக்கொண்டு கீழிருந்து மேலே அலகைச் செருகும். தலையை எடுக்கும்போது நெற்றியில் மகரந்தத் தூள் ஒட்டியிருக்கும். ஆப்பிரிக்காவிலும் தேன்சிட்டுகள்தான் இதற்குத் தரகர்கள்.

தொந்தரவு என்றால் நத்தை. மழை விட்டதும் எங்கள் தெருவில் உள்ளங்கை அகலத்தில் ஆப்பிரிக்க நத்தைகள் கிளம்பும், பகலெல்லாம் இதன் இலையடுக்கில் பதுங்கிக்கொள்ளும். ஒரே கண்டத்துக்காரர்கள் என்று பாவம் பார்க்க முடியுமா? ராத்திரி டார்ச்சும் உப்புத் தண்ணீர் வாளியுமாக இவர்தான் பொறுக்குகிறார். பணி ஓய்வுக்குப் பிறகு இவர் மனசார ஒத்துக்கொண்ட ஒரே வீட்டு வேலை.

வறட்சிக்கு இது அஞ்சாது. 2024 மார்ச்சில் இங்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. என் ரோஜா போயிற்று, ஃபெர்ன் போயிற்று. போக்கர் அரிசி களைந்த தண்ணீரில் தாக்குப்பிடித்துவிட்டது.

டிராயிங் டீச்சருக்கு ஒரு சங்கதி. இதன் தாவரவியல் பெயர் நிஃபோஃபியா. ஜெர்மனியில் எர்ஃபுர்ட் நகரத்து மருத்துவர் நிஃபோஃப் நினைவாக, அவர் இறந்து முப்பது வருஷம் கழித்து, 1794இல் வைத்தது. அந்த மனுஷர் நிஜச் செடியிலேயே மை தடவித் தாளில் அழுத்திப் படம் எடுத்துப் புத்தகமாகப் போட்டவர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூவரச இலையில் நீ செய்துகாட்டுவாயே, அதேதான்! தலைமை ஆசிரியை வந்து தரையெல்லாம் மை என்று கத்தினதும் சேர்த்து நினைவுக்கு வந்தது.

இங்கே பேத்தி கன்னடத்தில் சண்டை போடுகிறாள், தமிழில் பசிக்கிறது என்கிறாள். அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி? மலைக்குளிருக்கு அவரையும் கூட்டிப் போகிறாயா, இல்லை மாமியோடு விட்டுவிட்டுப் போகிறாயா?

கோத்தகிரி போனதும் முதலில் ஒரு வேலை செய். நீ செடி வைக்க நினைக்கிற இடத்தில் ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, சாயங்காலம் நிறையத் தண்ணீர் ஊற்று. விடியற்காலையில் தண்ணீர் கிடந்தால் அங்கே நேரடியாக வைக்காதே. மணலும் மக்கிய எருவும் கலந்து முக்கால் அடிக்கு மேட்டுப்பாத்தி போட வேண்டும், சரிவான இடமாக இருந்தால் இன்னும் நல்லது. வடிந்ததா இல்லையா என்று எழுது. மற்றதை அதற்கப்புறம் சொல்கிறேன்.

அன்புடன்,
சரசு