அடுத்த தலைவரைத் தேடும் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடிநீர், கழிப்பறை வசதிக்காக ஏழைகள் வாழும் பகுதிகளில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நிறுவனங்களில் பலவும் எழுபது, எண்பதுகளில் பிறந்தவை. எங்கள் திருச்சியிலேயே ஸ்கோப் 1986-இல் வந்தது, கிராமாலயா 1987-இல் வந்தது. அந்தத் தலைமுறையில் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். பொதுக் கழிப்பறைகளுக்குப் பேர்போன சுலப் நிறுவனத்தை 1970-இல் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக், 2023 சுதந்திர தினத்தன்று டெல்லி அலுவலகத்தில் கொடியேற்றிய சிறிது நேரத்தில் மயங்கி விழுந்து, அன்றே காலமானார். அடுத்தது யார் என்ற கேள்வி எல்லா நிறுவனங்களின் வாசலிலும் வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நான் திருச்சி மாவட்டத்தில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு எந்தப் பதவியும் வேண்டாம் என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசலாம் என்று நினைக்கிறேன்.

தலைமைப் பதவிக்கு வரும் விளம்பரங்களைப் படிக்கிறேன். முதுகலைப் பட்டம் வேண்டும், சரளமான ஆங்கிலம் வேண்டும், கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தைத் திரட்டிய அனுபவம் வேண்டும். சரி, வேண்டும்தான். பணம் இல்லாமல் சிமெண்ட் வராது. ஆனால், கட்டி முடித்து ஐந்து வருடம் கழித்தும் அந்தக் கழிப்பறை திறந்திருக்க என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் வேண்டும் என ஒரு விளம்பரத்திலும் பார்த்ததில்லை. நான் கேட்க வந்தது அதைத்தான். அது தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அந்தக் கழிப்பறையை நடத்தும் பெண்கள்தான். அவர்களைத் தேர்வுக் குழுவிலும் போர்டிலும் உட்கார வையுங்கள்.

திருச்சிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. ஒரு காலத்தில் குடிசைப் பகுதிகளில் மாநகராட்சி கட்டிய பொதுக் கழிப்பறைகள் இலவசமாகத்தான் இருந்தன. பார்த்துக்கொள்ள ஆளில்லை. முதலில் பல்பு போகும், அப்புறம் குழாய், அப்புறம் கதவு. இருட்டில் அந்தக் கழிப்பறைக்குப் போவதைவிட வாய்க்கால் ஓரமே தேவலை என்று பெண்கள் நினைப்பார்கள். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கிராமாலயா, வாட்டர்எய்டு என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் உதவியோடு, மாநகராட்சியிடம் பேசி அந்தக் கழிப்பறைகளைப் பகுதிப் பெண்களின் குழுக்களிடம் ஒப்படைக்க வைத்தது. ஷீ டீம் என்று அந்தக் குழுக்களுக்குப் பெயர். சின்னக் கட்டணம் வசூலிப்பது, துப்புரவுக்குச் சம்பளம் கொடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மிச்சம் விழுந்தால் பகுதிக்கு வேண்டிய வேலைகளுக்குச் செலவு செய்தார்கள். 2002-இல் திருச்சியின் கல்மந்தை, திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத நாட்டின் முதல் குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் கட்டடத்தைப் படம் எடுத்தார்கள். வாசலில் இருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

நான் வேலை பார்த்த பகுதியிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. வாசலில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், டோக்கன் டப்பா, நூல் கட்டிய பேனா. பெண்கள் முறை வைத்து உட்காருவார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே வரிசையில் நிற்பார்கள் என்பதால், நாலரைக்கே திறந்தாக வேண்டும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் காசு கிடையாது. நோட்டில் வரவுப் பக்கம் நாளுக்கு ஒரே வரி. செலவுப் பக்கம்தான் நீளம்: பினாயில், பிளீச்சிங் பவுடர், தென்னந்துடைப்பம், வாளிக்குக் கைப்பிடி, ஈபி பில், மோட்டாருக்குக் காயில் கட்டிய கூலி. மோட்டார் என்னவோ பண்டிகைக்கு முந்தின நாள்தான் எரியும்.

அந்தப் பகுதியில் வேலை செய்த தொண்டு நிறுவனத்துக்கு ஒரு புதுத் தலைவர் வந்தார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. பெண்கள் கையில் ரொக்கம் புழங்குவது ஆடிட்டுக்கு ஆகாது என்று, வசூலை அலுவலகக் கணக்கில் கட்டச் சொன்னார். எந்தச் செலவானாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றார். தீபாவளிக்கு முந்தின நாள் மோட்டார் எரிந்தது. "கொட்டேஷன் வர்றதுக்குள்ள தெருவே நாறிப்போயிடும் சார்" என்று போனில் சொன்னார் பொருளாளர் அக்கா. பதில் வரவில்லை. அவர்களே பெண்கள் குழுவின் பணத்தை எடுத்து, காயில் கட்டும் கடைக்காரரை வீட்டிலிருந்து கூட்டிவந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஓட வைத்தார்கள். அடுத்த மாதம் இது விதிமீறல் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதன்பிறகு யார் வாசலில் உட்காருவார்கள்? ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். கூலிக்கு ஓர் ஆளை வைத்தார்கள், அவரும் போனார். கடைசியில் பூட்டு விழுந்தது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அந்தக் கழிப்பறை இன்னும் எண்ணிக்கையில் இருக்கிறது.

அந்தத் தலைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவரை எண்ணிக்கைக்காகத்தான் எடுத்தார்கள். 2014 அக்டோபர் 2-இல் தூய்மை இந்தியா திட்டம் தொடங்கி, கிராமங்களில் கழிப்பறை கட்ட வீட்டுக்கு 12,000 ரூபாய் என்று வந்தபிறகு, பல தொண்டு நிறுவனங்கள் காண்டிராக்டர் வேலையைத்தான் பார்த்தன. இத்தனை கட்டினோம், இத்தனை போட்டோ ஏற்றினோம் என்பதே பேச்சு. 2019 அக்டோபர் 2-இல் நாட்டின் கிராமப்புறம் முழுவதும் திறந்தவெளி மலம் கழித்தல் அற்றதாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு மறுநாள் குழியை யார் பார்த்துக்கொள்வது என்று எந்த விழாவிலும் பேசவில்லை.

குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முகம் சுளிக்காதீர்கள், உங்கள் தொழிலே இதுதான். இரட்டைக் குழிக் கழிப்பறை என்றால் இரண்டு உறைக்குழி, நடுவில் கழிவைத் திருப்பிவிட ஒரு சின்ன சேம்பர். ஒரு நேரத்தில் ஒரு குழிக்குத்தான் வழி திறந்திருக்க வேண்டும். அது நிறைந்ததும் அதை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். நிறைந்த குழி இரண்டு வருடம் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது மண்ணாகிவிடும், வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம். இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் கொத்தனார் அவசரத்தில் இரண்டு வழியையும் திறந்தே விட்டுவிட்டால் இரண்டு குழியும் சேர்ந்தே நிறையும். அப்போது ஆள் தேடுவார்கள். எந்தத் தெருவில் போய்த் தேடுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனிதரை வைத்து மலம் அள்ளக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்துவிட்டது. சாக்கடையில் இறங்கிச் செத்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. ஏழைகளுக்குச் சேவை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர்களிலும் ஏழையான ஒரு சாதியின் தலையில் அடுத்த வேலையை ஏற்றி வைக்கும் கழிப்பறையைக் கட்டியிருக்கிறோமா? இதை உங்களிடம் கேட்கும் துணிச்சல் உள்ளவர் தலைவராக வர வேண்டும். கேட்டால் கோபப்படாத அறங்காவலர்களும் வேண்டும்.

ஒரே வரைபடம் எல்லா ஊருக்கும் ஒத்துவராது என்று தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். முசிறி பக்கம் காவிரி ஓரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே உறைக்குழி தோண்டினால் கழிவு நேராகக் குடிதண்ணீரில் கலக்கும். அதனால்தான் ஸ்கோப்பின் சுப்புராமன் அங்கே சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் சூழல் கழிப்பறையைக் கொண்டுவந்தார். முசிறியில் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கே காசு கொடுத்தும் பார்த்தார்கள்; உரமாகும் கழிவைத் தந்தவருக்குக் கூலி என்று கணக்கு. சிரித்தவர்கள் நிறையப் பேர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, அடுத்த வருடம் கிராமாலயாவின் தாமோதரனுக்கும் கிடைத்தது. மண்ணையும் தண்ணீரையும் பார்த்து முடிவெடுத்தவர்கள் இவர்கள். டெல்லியில் இருந்து வந்த படிவத்தை நிரப்பிக் கொடுப்பது வேறு வேலை.

எனக்குப் பிடித்த இன்னொரு உதாரணம் கராச்சியில் இருக்கிறது. 1980-இல் ஒராங்கி என்ற பெரிய குடிசைப் பகுதிக்குச் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீது கான் போனார். எடுத்தவுடன் எதையும் கட்டவில்லை, தெருத்தெருவாக நடந்து ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தார். சந்துக்கு இருபது முப்பது வீடுகள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும், தங்கள் காசில் தங்கள் சந்தின் சாக்கடையைப் போடும்; அரசு பெரிய வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும். நிறுவனம் கொடுத்தது வரைபடம், அளவு, பயிற்சி மட்டும். கட்டடக்கலை படித்த பர்வீன் ரஹ்மான் இளம்பெண்ணாக அங்கே வந்து சேர்ந்தார், பிறகு அதன் ஆய்வு, பயிற்சி நிலையத்துக்கே தலைவரானார். தண்ணீரைத் திருடி விற்கும் கும்பலைப் பற்றியும் நில அபகரிப்பைப் பற்றியும் ஆதாரத்தோடு எழுதினார். 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பிறகும் அந்த நிறுவனத்தின் வேலை நிற்கவில்லை. சந்துகளின் வரைபடத்தைத் தயாரித்தவர்கள் அதே பகுதிப் பிள்ளைகள். வேலை அவர்கள் கையில் இருந்தது. உங்கள் நிறுவனத்தில் இன்று தலைவர் வரவில்லை என்றால் நாளை எது நிற்கும், எது ஓடும் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

குடும்ப விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பல அறக்கட்டளைப் பத்திரங்களில் நிறுவனர், மனைவி, மகன், மைத்துனர் என்றுதான் பெயர்கள் இருக்கின்றன. மகனுக்குத் திறமை இருக்கலாம். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கட்டும்.

போர்டில் பெண்களைச் சேருங்கள் என்றால், "ஒருவர் இருக்கிறாரே" என்பீர்கள். அவர் ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வராக இருப்பார். நான் சொல்வது, வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்த பெண்களை. ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார், பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவார். குறைந்தது மூன்று பேர், ஓட்டுரிமையோடு. கூட்டம் தமிழில் நடக்கட்டும், தாள்களும் தமிழில் இருக்கட்டும். அன்றைய கூலியைக் கையில் கொடுங்கள். மரியாதைக்காக வந்துவிட்டுப் போகட்டும் என்று எதிர்பார்ப்பது உங்களுக்கு அழகில்லை.

பட்ஜெட்டில் கட்டுமானத்துக்குப் பக்கத்திலேயே பராமரிப்புக்கும் ஒரு வரி போடுங்கள். நன்கொடையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பீர்கள். அவரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் புதுத் தலைவரின் வேலை, அந்த சரளமான ஆங்கிலம் அதற்குப் பயன்படட்டும்.

கடைசியாக நேர்காணலைப் பற்றி. அதை ஓட்டல் மாநாட்டு அறையில் வைக்காதீர்கள். நீங்கள் கட்டி ஐந்து வருடம் ஆன கழிப்பறை ஒன்றின் வாசலில் வையுங்கள். விண்ணப்பித்தவர் காலை ஐந்து மணிக்கு வரட்டும், நோட்டைப் படிக்கட்டும், சேம்பர் மூடியைத் திறந்து எந்தக் குழிக்கு வழி போகிறது என்று சொல்லட்டும். பெண்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் அவர்கள் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணியாளர் ஒருவர்,
திருச்சி.