முகாமுக்குப் போன பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

மே மாத விடுமுறை வந்தால் தகரப் பெட்டியில் தட்டு, தம்ளர், போர்வை, பைபிள் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு கடையத்து மலையடிவாரத்துக்கு வாலிபர் முகாமுக்குப் போனவர்கள் நாம். அந்த முகாம் வளாகம் இன்று பழுதாகிக் கிடக்கிறது. அதைச் செப்பனிடவும், கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வருகிற மே மாதம் முகாம் நடத்தவும் உங்கள் காணிக்கையைக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். மொத்தம் 7,20,000 ரூபாய் வேண்டும். கணக்கைப் பின்னால் விவரமாகச் சொல்கிறோம். அதற்கு முன், எதை நம்பி உங்களிடம் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நம்மில் பலருக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் தூங்கிய முதல் இரவு அந்த முகாமில்தான். அகலப் பாதை வருவதற்கு முன்பு ஓடிய செங்கோட்டை பாசஞ்சரில் கீழக்கடையத்தில் இறக்கி, இரண்டிரண்டு பேராகக் கைகோர்த்து நடக்கவைத்துக் கூட்டிப்போவார்கள். பாளையங்கோட்டைப் பிள்ளைகள், ஆலங்குளம் சுரண்டைப் பக்கத்துப் பிள்ளைகள், திருச்செந்தூர் வண்டியில் வந்து திருநெல்வேலியில் மாறி ஏறிய தேரிக்காட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகச் சேர்வது அங்கேதான். செம்மணலும் பனைமரமும் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள் மேற்கு மலையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுவார்கள். அண்ணன்மார் வந்து அதட்டினால்தான் நடப்பார்கள்.

காலை ஐந்தரைக்கெல்லாம் தண்டவாளத் துண்டில் மணி அடித்துவிடும். பம்புசெட் தொட்டியில் குளித்துவிட்டு ஆளுக்கொரு மரத்தடியில் பைபிளோடு உட்கார வேண்டும். தூக்கம் கண்ணைச் சுற்றும். ஆனாலும் வீட்டில் யாரும் சொல்லாமல் தானாக ஜெபிக்கப் பழகியது அந்த மரத்தடியில்தான் என்று எங்கள் குழுவில் அநேகமாக எல்லோருமே சொல்கிறோம். அப்புறம் பத்து மணிக்கு வசனம் தேடும் போட்டி. "பைபிளை உயர்த்துங்கள்" என்பார் அண்ணன். எல்லாக் கைகளும் மேலே போகும். "ஆபகூக் மூன்று, பதினேழு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தாள்கள் சடசடவென்று புரளும். ஓசியா, யோவேல், ஆமோஸ், ஒபதியா என்று வரிசையைப் பாட்டாகப் பாடிப் படித்தவர்களுக்குத்தான் ஜெயம். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று மூச்சு வாங்க ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று வாசித்ததும், அவளுடைய குழு முழுவதும் எழுந்து கூச்சல் போட்டதும் இன்றைக்கும் காதில் கேட்கிறது. அந்தப் பெண் இன்று ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. எங்கள் குழுவிலும் இருக்கிறார். பத்துப் பேர் முன்னால் வாய் திறந்து பேசும் தைரியம் தனக்கு வந்தது அங்கேதான் என்கிறார்.

ராத்திரிக் கூட்டங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் நீண்டுவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறோம். வடக்கே இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் மலைகளில் மால்தோ மக்கள் நடுவே ஊழியம் செய்த தமிழ் மிஷனரி ஒருவர் ஒரு முகாமுக்கு வந்திருந்தார். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஸ்லைடு படங்கள் காட்டினார். அங்கே மலேரியாவும் காலா அசார் காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோவதைச் சொன்னார். மால்தோ நம் தமிழோடு உறவுள்ள திராவிட மொழி என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் நடுவே ஒரு சலசலப்பு. அவ்வளவு தூரத்தில் நமக்கு உறவா! அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவின் கதையையும் முகாமின் புளியமரத்தடியில்தான் கேட்டோம். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, ஒய்எம்சிஏ செயலாளராக வாலிபர்களோடு சுற்றித் திரிந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்த முயற்சியில் ஊழியர்களை வெளியே அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்று கேட்டுக்கொண்டே திரும்பினார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம். இதுதான் அவர்கள் எடுத்த முடிவு. பஞ்சமும் காலராவும் பார்த்த ஜனங்கள் எடுத்த முடிவு அது என்பதை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

நம் முகாமும் அப்படி நம் ஜனங்களின் கையால்தான் நடந்தது. அது எப்படி என்று சிறு வயதில் நமக்குத் தெரியாது. முகாம் சோறு மட்டும் நினைவிருக்கும். ஒரு பருக்கை குழைந்திருக்கும், பக்கத்துப் பருக்கை விறைத்திருக்கும். ஒன்று வெள்ளையாக, ஒன்று பழுப்பாக, நடுவில் கொட்டை கொட்டையாக ரேஷன் அரிசி. பிள்ளைகள் முகம் சுளித்தால் சமையல் பார்த்த பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டார், இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டுப் போய்விடுவார். சோறு ஏன் அப்படி இருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. அது பிடியரிசி.

நம் ஊர்களில் பல வீடுகளில் அடுப்படியில் ஒரு பனையோலைக் கொட்டான் தொங்கும். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அம்மா அந்தக் கொட்டானில் போடுவார். வீட்டில் அரிசி நிறைய இருக்கிற நாளிலும் ஒரு பிடி, அளந்து அளந்து போடுகிற நாளிலும் ஒரு பிடி. அதைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மூட்டையாகக் கட்டி, பாதியை ஆராதனை முடிந்து ஏலம் விட்டுப் பணமாக்குவார்கள். மீதி முகாமுக்கு வரும். அதில் புழுங்கலும் இருக்கும், பச்சையும் இருக்கும், நெல் விற்றவர் வீட்டு அரிசியும் இருக்கும், கூலிக்கு அளந்த அரிசியும் இருக்கும். நூற்றைம்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 18 கிலோ அரிசி வேகும். அத்தனையும் யார் யாரோ தங்கள் சோற்றிலிருந்து குறைத்துக்கொண்டது. நமக்குக் கட்டணம் என்று வாங்கிய சொற்பக் காசு பாய்க்கும் விளக்குக்கும் கூடக் காணாது. நம் அப்பா அம்மா கொடுத்த பணத்தில் நாம் முகாமுக்குப் போகவில்லை. பேர் தெரியாத நூறு அம்மாமார்கள் நம்மை அனுப்பிவைத்தார்கள். இதை நம்பித்தான் உங்களிடம் கேட்கிறோம்.

இப்போது வளாகத்தின் நிலை. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் முகாம் இல்லை. பூட்டிக் கிடந்த கட்டடத்தில் கரையான் ஏறிவிட்டது. அப்புறம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. சமையல் கூடத்தின் பின்சுவர் அந்த மழையில்தான் சரிந்தது. கூரையில் பாதி ஓடு இல்லை. பம்புசெட் மோட்டார் எரிந்து போய்விட்டது.

இதையெல்லாம்விட எங்களை உறுத்துவது பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறை. எழுபது எண்பது பிள்ளைகள் தங்கும் இடத்தில் இரண்டே இரண்டு இருக்கிறது, அதிலும் ஒன்றுக்குக் கதவு சரியில்லை. குளியலறைக்கு மேல்கூரை கிடையாது. அந்தக் காலத்தில் நம் அக்காமார் விடிவதற்கு முன்பே எழுந்து சமாளித்துக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டை இந்தப் பிள்ளைகளும் பட வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு எப்படி அனுப்புவது என்று தாய்மார்கள் கேட்பது நியாயம்தான். போன முகாமுக்குப் பெண்பிள்ளைகள் குறைவாக வந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. கடையம், ஆலங்குளம், முக்கூடல் வட்டாரத்தில் நம் சபைப் பெண்களில் பலருக்குப் பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. விடுமுறையில் பிள்ளைகளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கை கொடுப்பார்கள். ஒரு பிள்ளை நான்கு நாள் முகாமுக்கு வந்தால் அந்த வீட்டில் நான்கு நாள் வரும்படி குறையும். அதற்கு மேல் கட்டணமும் கேட்டால் எப்படி அனுப்புவார்கள்? ஆகையால் அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். போக வரப் பஸ் செலவும் குழுவைச் சேர்ந்தது. யார் கட்டணம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது குருவானவருக்கும் பொருளாளருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்குள் அந்தப் பேச்சே எழக் கூடாது.

கணக்கு இதுதான். பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை, குளியலறை புதிதாகக் கட்ட 3,10,000 ரூபாய். சமையல் கூடத்தின் சுவரும் கூரையும் அடுப்பும் சேர்த்து 1,90,000. மோட்டாருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் 70,000. கட்டணம் கட்ட முடியாத நூறு பிள்ளைகளுக்குத் தலைக்கு 1,500 வீதம் 1,50,000. கழிப்பறை வேலைதான் முதலில். பணம் முழுவதும் சேராவிட்டால் சமையலைப் பந்தல் போட்டுச் சமாளித்துக்கொள்வோம், கழிப்பறை இல்லாமல் முகாம் நடத்த மாட்டோம்.

ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்கிறவர்கள் 1,500 ரூபாய் கொடுக்கலாம். முடிந்தவர்கள் பத்துப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். ஐம்பது ரூபாய் கொடுக்கிறவர்களுக்கும் ரசீது உண்டு. கொத்தனார், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் வேலை தெரிந்தவர்கள் இரண்டு நாள் கூலியை விட்டுக்கொடுத்தால் அதையும் காணிக்கையாகவே கணக்கில் எழுதுவோம். சிமெண்ட், ஓடு, அண்டா, தேங்காய் எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம்.

காணிக்கையை எங்கள் குழுவினரிடம் ரசீது வாங்கிக்கொண்டு மட்டும் கொடுங்கள். காசோலையை, ஒரே குருவானவரின் கீழுள்ள சபைகள் சேர்ந்த நம் சேகரத்தின் பெயருக்கு எழுத வேண்டும். தனி நபர் பெயரில் வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையில் அச்சாகியிருக்கிறது. இந்த நிதிக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வருமான வரியில் கழிவு கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் குழுவுக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் பதிவு இல்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடமிருந்து நாங்கள் வாங்க இயலாது. அவர்கள் மனம் சங்கடப்பட வேண்டாம். முகாமுக்காக ஜெபியுங்கள், ஊருக்கு வரும்போது ஒரு மாலைக் கூட்டத்துக்கு வந்து பிள்ளைகளோடு பேசுங்கள். அன்றைக்கு அந்த மிஷனரி வந்து பேசியது நமக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது!

வரவு செலவு இரண்டையும் மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கோயில் வாசலில் ஒட்டுவோம். வேலை முடிந்ததும் சேகரக் கமிட்டியில் தணிக்கைக்கு வைப்போம். கணக்கில் சந்தேகம் இருந்தால் யாரும் கேட்கலாம், பொருளாளர் பில்லோடு காட்டுவார்.

பொங்கல் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை வளாகத்தில் சிரமதானம். முள் வெட்டவும் இடிந்த சுவரை அப்புறப்படுத்தவும் ஆள் வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். காலை ஏழு மணிக்குக் கோயில் வாசலிலிருந்து வேன் புறப்படும். வருகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் பெயர் கொடுத்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.

கிறிஸ்துவின் அன்பில்,
வாலிபர் முகாம் வளாகச் சீரமைப்புக் குழுவினர்