ஏசியில் கேஸ் தானாகத் தீராது

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் உன் குரலே வாடியிருந்தது. கார் ஏசியில் குளிர் வரவில்லை, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் ஷாப்பில் சொல்லிவிட்டார்கள் என்றாய். அதற்கு இப்போதே சரி சொல்லிவிடாதே. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பழைய கார் அது. செலவில்லாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் நாம் முதலில் பார்த்துவிடுவோம்.

க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கிறதா பார். பல கார்களில் அங்கேதான் இருக்கும். அது தூசி அடைத்துக் கறுத்திருந்தால் காற்றே சரியாக வராது. அடுத்தது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸர். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது அதுதான். அதன் மெல்லிய தகடுகளுக்கு நடுவே மண்ணும் பூச்சியும் அப்பியிருந்தால் ஏசி எவ்வளவு ஓடினாலும் குளிராது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவு. வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, யாரையாவது ஏசியைப் போடச் சொல். துப்பட்டா, தலைமுடி, கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. கம்ப்ரஸரில் 'டக்' என்று சத்தம் வந்து, பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியின் முன்தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சத்தமே வராவிட்டால் ஃப்யூஸையும் ரிலேயையும் பார். அங்கேயே கோளாறு முடிந்துவிடலாம். அந்தத் தட்டு சில நொடிக்கு ஒரு தடவை ஒட்டி ஒட்டி விலகினால், பெரும்பாலும் ஏசியைக் குளிர வைக்கும் கேஸ் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் போதாதபோது கம்ப்ரஸரைக் காப்பாற்ற ஒரு ஸ்விட்ச் அதை நிறுத்திவிடும்.

'கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் போதும்' என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதே. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை அது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பல வருஷத்தில் கொஞ்சம் கசிவது இயல்புதான். ஆனால் வருஷா வருஷம் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. நான் இதை மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நம் பழைய காருக்கு மூன்று கோடையிலும் கேஸ் மட்டும் நிரப்பினேன். நாலாவது வருஷம் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஒரு பைப் இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தது. இணைப்பை அடைக்கும் சின்ன ரப்பர் வளையம், ஓ-ரிங் ஒன்று காய்ந்து போயிருந்தது, அவ்வளவுதான். கேஸோடு சேர்ந்துதான் ஆயிலும் சுற்றுகிறது. கேஸ் கசிந்தால் ஆயிலும் போகும். அந்த மூன்று வருஷத்தில் ஆயில் போதாமல் கம்ப்ரஸர் தேய்ந்தே போனது. இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

அதனால் நீயும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பாகப் பிசுக்கைத் தேடு. சந்தேகமான இடத்தில், இன்ஜினை நிறுத்திவிட்டு, சோப்பு நுரை தடவிப் பார். குமிழி வந்தால் இடம் தெரிந்துவிடும்.

அதோடு உன் வேலை முடிந்தது. எந்த நட்டையும் கழற்றாதே. கார் ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ கேஸ் வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும்; கண்ணில் பட்டால் உறைய வைத்துவிடும். காற்றில் விட்டாலும் பாவம்தான். அதே எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். மெக்கானிக்கிடம் மெஷின் வைத்து கேஸை எடுக்கச் சொல், பிறகு ஓ-ரிங்கையும், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றச் சொல். அரை மணி நேரமாவது வேக்கம் போட வேண்டும், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் அப்போதுதான் ஆவியாகி வெளியேறும். பம்ப்பை நிறுத்திய பிறகு அழுத்தம் காட்டும் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று நீயே பக்கத்தில் நின்று பார்; ஏறினால் இன்னும் லீக் இருக்கிறது. கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கூடிப்போனாலும் குளிர் குறையும். லீக்கை அடைக்கிறேன் என்று டப்பாவில் விற்கும் மருந்தை ஊற்ற விடாதே, உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். சமையல் கேஸ் நிரப்புகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். அதைப் படம் எடுத்து இன்றைக்கே எனக்கு அனுப்பு. மிகப் பழைய வண்டிகளில்தான் ஆர்-12 என்ற பழைய வகைக் கேஸ் இருக்கும். உன்னுடையதில் இருக்காது, இருந்தாலும் பார்த்துவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடு. நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அப்பா