அந்த ஸ்டாரை சரி பண்ணிக் குடுங்க: எங்க ஷெல்லைப் பராமரிக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எத்தனை எழுத்து வேணும்னாலும் வரலாம்னு ஸ்டார் (*) போட்டு ஃபைல் பேரைத் தேடுறோமே, அந்த வைல்டுகார்டு மேட்சிங் உங்க ஷெல்ல, அதாவது நாங்க அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுற ப்ரோக்ராம்ல, ஸ்லோங்கிறது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல. அதைப் பத்தின புகார் டிக்கெட் எவ்வளவு நாளா திறந்தே கிடக்குன்னு என்னைவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும், அதனால முன்கதை எல்லாம் விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன். பேட்டர்ன்ல பல ஸ்டார் வந்தா ஒவ்வொன்னுக்கும் ரிக்கர்ஷன்ல இறங்குற, அதாவது தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு எல்லா வழியையும் பார்க்குற அந்தக் கோடை எடுத்துட்டு, பொருந்தலைன்னா கடைசியா வந்த ஸ்டாருக்கு மட்டும் திரும்பிப் போற முறையைப் போட்டுக் குடுங்க.

போன மாசம் எங்க ஆபீஸ்ல நடந்ததைச் சொல்றேன். சென்சார் டேட்டா வந்து விழுற ஃபோல்டர் அது, ஒவ்வொரு ஃபைல் பேரும் அவ்ளோ நீளம், சைபரும் அண்டர்ஸ்கோரும் மாறி மாறி வரும். பழசை ஒதுக்குற ஸ்கிரிப்ட்ல ஏழெட்டு ஸ்டார் போட்ட ஒரு பேட்டர்ன். ராத்திரி கிளம்பின ஸ்கிரிப்ட் விடிஞ்சும் முடியல, சிபியுல ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்துல நிக்குது. புதுசா சேர்ந்த பொண்ணுதான் அன்னைக்கு டியூட்டி. டிஸ்க் போயிடுச்சுன்னு ஒருத்தர், நீதான் எங்கேயோ லூப் போட்டுட்டேன்னு இன்னொருத்தர், அவ ஸ்கிரிப்டை வரி வரியா படிச்சு, டிஸ்கை டெஸ்ட் பண்ணி, ஒன்னும் சிக்காம கடைசியில மறுபடி ஓட விட்டு ப்ரோக்ராம் லினக்ஸ்கிட்ட கேக்குற வேலையை எல்லாம் காட்டுற எஸ்ட்ரேஸ்ல பார்த்தா, ஃபோல்டரைப் படிக்கிறது உடனே முடிஞ்சிடுது, அதுக்கப்புறம் அப்படி ஒரு கோரிக்கைகூட (சிஸ்டம் கால்) இல்ல. அத்தனை நேரமும் ஷெல் உள்ளுக்குள்ளயே பேரையும் பேட்டர்னையும் ஒட்டிப் பார்த்துட்டு இருந்திருக்கு. இதுல கொடுமை என்னன்னா, அந்த பேட்டர்னுக்குப் பொருந்துற ஃபைல் அங்க ஒன்னுகூட இல்ல. இல்லைன்னு சொல்றதுக்குத்தான் ராத்திரி பூரா ஓடியிருக்கு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கியாச்சு.

கணக்கு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுறேன், ஏன்னா இதை அபூர்வமான கேஸ்னு ஒதுக்குறாங்க. 80 'ப' வரிசையா இருக்குற ஒரு ஃபைல் பேர், எழுத்தை பைட்டா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில 240 பைட், லினக்ஸோட 255 பைட் வரம்புக்குள்ளதான் இருக்கு. பேட்டர்ன் 'ப*' பத்து தடவை, கடைசியில ஒரு 'ம'. பேர்ல 'ம'வே கிடையாது. ஆனா ரிக்கர்ஷன் மீதி ஒன்பது 'ப'வையும் எங்கெங்க வைக்கலாம்னு எல்லா வழியையும் பார்த்துட்டுத்தான் கைவிடும், அது 20,000 கோடிக்கும் மேல. கடைசி ஸ்டார் முறையில அதே வேலை 2,000 ஒப்பீட்டுக்குள்ள அடங்கிடும். முந்தின ஸ்டார் எல்லாம் முடிஞ்சவரை சீக்கிரமே நின்னுடுச்சுன்னா, அதைத் தள்ளி வச்சுப் பார்க்கிறதுல ஒரு லாபமும் இல்ல, மிச்ச பேட்டர்னுக்கு இடம்தான் குறையும். 2017லயே ப்ரோக்ராமர் ரஸ் காக்ஸ் இதை விளக்கி, கோ (Go) மொழியில சின்னதா ஒரு நிரலும் சேர்த்தே எழுதியிருக்கார். ஃபைல் அனுப்பி வாங்குற எஃப்டிபி சர்வர்களுக்கு வில்லங்கமான வைல்டுகார்டு பேட்டர்னை அனுப்பி சர்வரையே திணற வைக்கலாம்னு 2010லயே பாதுகாப்பு எச்சரிக்கை வந்தாச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

கேட்டா வர்ற பதில்தான் இன்னும் வருத்தம். ஸ்டாரை விட்டுட்டு, ஃபைலைத் தேடுற ஃபைண்ட் கமாண்ட் யூஸ் பண்ணுங்கன்னு சொல்றீங்க, யூனிக்ஸோட ஆரம்பப் பதிப்புகள்லயே இந்த ஸ்டார் வேலைக்குன்னே குளோப்னு தனி ப்ரோக்ராம் இருந்துச்சு, 50 வருஷத்துக்கு மேல எல்லாரும் கை பழகின ஒரு விஷயத்தை இப்ப தொடாதேன்னா எப்படி? லொக்கேலை, அதாவது மொழி அமைப்பை, 'C'ன்னு மாத்துங்க, வேகமா ஓடும்னு இன்னொரு யோசனை. அப்படி மாத்தினா, ஒரு எழுத்தைக் குறிக்கிற கேள்விக்குறி ஒரு பைட்டோடதான் பொருந்தும், தமிழ்ல ஒரு 'ப'வுக்கே மூணு பைட், அப்ப தமிழ்ல பேர் வச்ச ஃபைலை நாங்க எப்படிப் பிடிக்கிறது? அதோட அது இந்தப் பிரச்சனைக்கு மருந்தே இல்ல, வழிகளோட எண்ணிக்கை அப்படியேதானே இருக்கு. ஒவ்வொரு ரிலீஸ்லயும் ப்ராம்ப்டுக்குக் கலர் வருது, ஆட்டோகம்ப்ளீட் வருது, நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல, ஆனா தினம் கோடிக்கணக்கான ஸ்கிரிப்ட் நம்பி நிக்கிற அந்த ஸ்டாரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறீங்களே.

கோபத்துல கொஞ்சம் அதிகமா பேசியிருந்தா மன்னிக்கணும். சம்பளம் இல்லாம ராத்திரி உக்காந்து வேலை பாக்குறவங்க உங்கள்ல நிறைய பேர்னு தெரியும், அந்த உழைப்பாலதான் எங்க வேலையே ஓடுது. எக்ஸ்டெண்டட் பேட்டர்ன், அடைப்புக்குறிக்குள்ள மாற்று எல்லாம் போட்டு எழுதுறது வேற கதை, அதை இப்ப கேக்கல. வெறும் ஸ்டார், கேள்விக்குறி, சதுர அடைப்புக்குறி மட்டும் உள்ள பேட்டர்ன் வந்தா கடைசி ஸ்டார் முறைக்குப் போகட்டும், மத்ததுக்குப் பழைய கோடே இருக்கட்டும். மேல சொன்ன 80 'ப' கேஸை டெஸ்ட்ல சேர்த்துடுங்க, நாளைக்கு யாராவது மாத்தினாலும் உடனே தெரிஞ்சிடும். பேட்ச் எழுதி அனுப்ப நானும் எங்க டீமும் தயார், ரிவ்யூ பண்ண ஒருத்தர் நேரம் ஒதுக்கினா போதும். அடுத்த ரிலீஸ்ல சேர்ப்பீங்களா இல்லையான்னு தயவுசெஞ்சு அந்த டிக்கெட்லயே ஒரு வரி பதில் போடுங்க.

நன்றியுடன்,
உங்க ஷெல்லை நம்பி வேலை பாக்குற ஒரு சிஸ்டம் அட்மின்